கேளுங்கள், சொல்கிறேன்: பெங்களூரு தபால்

'இனி செய்ய ஒண்ணுமில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க' என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அடுத்து எங்கே போவது?
– வாசகி, அல்சூர்

புற்றுநோய்க்குச் செய்ய ஒன்றுமில்லை என்றிருப்பார். வலிக்கும் வாந்திக்கும் மூச்சுத்திணறலுக்கும் படுக்கைப்புண்ணுக்கும் செய்ய எவ்வளவோ இருக்கிறது. மாரத்தஹள்ளியில் கருணாஷ்ரயா என்றொரு இடம். இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் கர்நாடகக் கிளையும் இந்திராநகர் ரோட்டரியும் 1994-ல் ஆரம்பித்தது. நடுவில் குளம், சுற்றிலும் கட்டில்கள். நோய் முற்றியவர்களுக்குத்தான் அங்கே இடம். வீட்டுக்கும் வந்து பார்ப்பார்கள். பில் கிடையாது. (ஆமாம், பெங்களூரில்தான்!)

மார்ஃபின் கொடுத்தால் அப்பா அடிமையாகிவிடுவார் என்று மைத்துனர் தடுக்கிறாரே?
– வாசகர், ஸ்ரீராம்புரம்

மைத்துனருக்கு ஒரு ராத்திரி கடைவாய்ப் பல் வலிக்கட்டும், பிறகு பேசலாம். டாக்டர் சொன்ன அளவில், வலிக்காகக் கொடுத்தால் அடிமையாவது அபூர்வம். நிச்சயம் வருவது மலச்சிக்கல்; அதற்கான மருந்தையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். மைத்துனரைச் சொல்லிக் குற்றமில்லை. 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் ஆஸ்பத்திரிகளே மார்ஃபினை வாங்கி வைக்கப் பயந்தன. 2014-ல்தான் சட்டத்தைத் தளர்த்தினார்கள். இத்தனைக்கும் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசாங்க லைசென்ஸில் அபின் விளைகிற நாடு இது.

தாத்தாவிடம் நோயைச் சொல்லலாமா?
– வாசகர், கே.ஆர். புரம்

அவருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

'எனக்கு வென்டிலேட்டர் வேண்டாம்' என்று இப்போதே எழுதி வைக்கலாமா? வயது 71.
– வாசகர், சிவாஜிநகர்

தாராளமாக. 2018 மார்ச்சிலேயே உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. ஆனால் மாஜிஸ்ட்ரேட் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அதற்கு அலைவதற்குள் உயிர் போய்விடும். 2023 ஜனவரியில் இறங்கி வந்தார்கள். இப்போது இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசர் போதும். கர்நாடக அரசும் 2025 ஜனவரியில் இதற்கான டாக்டர் குழுக்களை அமைக்கச் சொல்லி உத்தரவு போட்டது. சிகிச்சையை நிறுத்தலாமா என்று மூன்று டாக்டர் கொண்ட குழு ஒன்று பார்த்துச் சொல்லும். இன்னொரு மூவர் குழு அதைச் சரிபார்க்கும். கருணைக்கொலை என்று யாராவது கிளப்பினால் நம்பாதீர்கள். ஊசி போட்டு முடிக்க இங்கே சட்டம் இடம் தரவில்லை.

உங்கள் சார்பில் முடிவெடுப்பவர் பெயரையும் அதில் எழுத வேண்டும். 'எது வேணும்னாலும் பண்ணுங்க டாக்டர், காசைப் பத்திக் கவலையில்லை' என்று சிங்கப்பூரிலிருந்து போனில் கத்துகிற பிள்ளையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

அம்மாவுக்கு விழுங்க முடியவில்லை; நினைவும் சரியாக இல்லை. ஊரிலிருந்து வந்த பெரியம்மா வாயில் பால் ஊற்றச் சொல்கிறார்.
– வாசகி, ராமமூர்த்தி நகர்

ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். பெரியம்மாவோடு சண்டையும் வேண்டாம். சின்னப் பஞ்சைப் பாலில் நனைத்து, நன்றாகப் பிழிந்து அவர் கையிலேயே கொடுங்கள். உதட்டில் மட்டும் ஒற்றி எடுக்கட்டும். பிறகு நீங்கள் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, வெடித்த இடத்தில் விரல் நுனியால் தேங்காயெண்ணெய் தடவுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும். பெரியம்மா பழைய கதை ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், டி.வி.யை அணைத்துவிடுங்கள். அம்மாவுக்கும் கேட்கட்டும்.