ரைட் டைம்

34 வருடம் ஸ்டேஷன் மாஸ்டராகக் குப்பை கொட்டியவன் நான். அத்தனை வருடத்தில் ஒரு பயணிகூட என்னிடம் வந்து, “வண்டி ஏன் சார் சீக்கிரம் வந்தது?” என்று சண்டை பிடித்ததில்லை. அப்படியும் ஒரு குற்றம் உலகத்தில் உண்டென்று டெக்சாஸில் ஒரு ஒன்பது வயதுச் சிறுமியால்தான் தெரிந்துகொண்டேன்.

மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். பக்கத்து வீட்டில் கார், பாவம், வெயிலில் நிற்கும். கராஜுக்குள் சொகுசாக இருப்பது வேறொரு வண்டி. ஒடிசலாக, நீளமாக, முன்னால் சைக்கிள் சக்கரம் போல இரண்டு, பின்னால் உரல் போல இரண்டு. அது அந்தச் சிறுமியுடையது. சனிக்கிழமை விடிந்ததும் குடும்பமே அதை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். என் பேத்தியைப் பார்த்து அவளும் என்னைத் “தாத்தா” என்பாள். அந்த உறவைச் சொல்லி எங்களையும் ஒரு நாள் ஏற்றிக்கொண்டார்கள்.

ஜூனியர் டிராக் ரேஸ் என்று பெயர். 1992-ல் நியூ ஜெர்சியின் இங்கிலிஷ்டவுனில் பந்தயப் பாதை வைத்திருந்த வின்சென்ட் நாப், பெரியவர்களின் டிராக்ஸ்டர் என்ற பந்தய வண்டியைப் பாதியாகச் சுருக்கித் தன் மகனுக்கு ஒன்று செய்து கொடுத்தாராம். நம் ஊர் அப்பாவாக இருந்தால் நடைவண்டியோடு நிறுத்தியிருப்பார். என்எச்ஆர்ஏ என்ற அமைப்பு அதையே போட்டியாக்கிவிட்டது. 5 வயது முதல் 17 வரை ஓட்டலாம். புல்வெட்டும் இயந்திரத்தின் ஜாதியில் பிறந்த ஒற்றை சிலிண்டர் எஞ்சின்தான். அதைக் கடைந்து கடைந்து, வளர்ந்த பிள்ளைகள் 660 அடியை எட்டு நொடியில் கடக்கிறார்கள். மணிக்கு 85 மைலுக்கு மேல் கூடாது என்று கடிவாளம் வேறு. எட்டு வயதில் இதில் உட்கார்ந்த ஹூஸ்டன்காரப் பெண் எரிக்கா எண்டர்ஸ் பின்னாளில் பெரியவர்களின் ப்ரோ ஸ்டாக் பந்தயத்தில் பலமுறை சாம்பியன் ஆனார். பக்கத்து வீட்டுக் கராஜில், நம் வீட்டில் பிள்ளையார் இருக்கும் இடத்தில் அவர் படம் இருக்கிறது.

பந்தயத் திடலில் பார்த்தால் இது தேர்த்திருவிழாவேதான். உள்ளே ஒரு சின்ன உருவம், பெல்ட்டும் ஹெல்மெட்டுமாக அலங்காரம் முடிந்து அசையாமல் இருக்கும். வெளியே அப்பா தள்ளுகிறார், தாத்தா கோல்ஃப் வண்டியில் கட்டி இழுக்கிறார், அம்மா நோட்டில் வெயில், ஈரப்பதம், காற்றழுத்தம் என்று பஞ்சாங்கம் எழுதுகிறார். எனக்குக் குடை பிடிக்கும் கைங்கர்யம்.

கோட்டில் நிறுத்தியதும் விளக்குக் கம்பம். கிறிஸ்மஸ் மரம் என்கிறார்கள். அரை நொடி இடைவெளியில் மூன்று மஞ்சள், பிறகு பச்சை. “பச்சைக்குக் காத்திருக்காதே, கடைசி மஞ்சளிலேயே கிளம்பு” என்று அப்பா மகளுக்குப் பாடம் சொன்னார். எனக்கு நெஞ்சு படபடத்தது. எங்கள் வேலையில் இப்படிச் சொன்னால் மறுநாள் விசாரணை. ஆனால் பச்சையைக் கண் பார்த்து, கால் அமுக்கி, வண்டி நகர்வதற்குள் எதிராளி போய்விடுவானாம். அவசரப்பட்டால் சிவப்பு, ஆட்டம் முடிந்தது.

இன்னொரு விசித்திரம். ஓடும் முன்பே ‘இத்தனை நொடியில் போவேன்’ என்று எழுதிக் காட்ட வேண்டும். டயல்-இன் என்று பெயர். எங்கள் பிள்ளை 12.10. எதிரே வந்த பையன் 13.00. ஆகவே மெதுவாகப் போகிறவனை முதலில் அனுப்புகிறார்கள், 0.90 நொடி முன்னதாக. எக்ஸ்பிரஸுக்காக பாசஞ்சரை லூப் லைனில் தள்ளியே பழகிய எனக்கு இது பிராயச்சித்தம் போலப் பட்டது.

பையன் போனான். எங்கள் வண்டி சீறிக்கொண்டு துரத்தியது. முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் அவனைத் தாண்டியேவிட்டது. குடையை வீசிவிட்டு “ஜெயிச்சாச்சு!” என்று குதித்தேன். திரும்பினால், எங்கள் கூட்டத்தில் எழவு விழுந்த அமைதி. வெற்றி விளக்கு எரிந்தது பையன் பக்கம்.

பலகையில் 12.08. சொன்ன நேரத்துக்கு 0.02 நொடி முந்திவிட்டாள். பிரேக் அவுட். பையன் 13.05 எடுத்துக்கொண்டு, சமர்த்தாகத் தாமதித்து ஜெயித்துவிட்டான். ஓடுவதற்குச் சற்று முன் ஒரு மேகம் சூரியனை மறைத்திருக்கிறது. காற்று குளிர்ந்து அடர்த்தியாகி, எஞ்சினுக்கு உற்சாகம் வந்துவிட்டதாம். குடை பிடித்தவன் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று அவர்கள் சொன்னதை நான் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

“பத்து நிமிஷத்துல கிளம்பறேன்னு சொல்லிட்டு ஒருநாளாவது ஒன்பதுல கிளம்பியிருக்கீங்களா?” என்று என் மனைவி ஆரம்பித்தாள். “இந்தக் குழந்தையைப் போய்த் தோத்துட்டான்னு சொல்றாங்களே!” பிறகு டப்பாவைத் திறந்து பெருமூச்சு விட்டாள். “காலையில ரெண்டு அதிரசம் கொடுத்தேன். வேண்டாம்னுட்டா. தின்னிருந்தா வண்டி கனத்து ரைட் டைமுக்குப் போயிருக்கும்.”

மகன் சிரித்துக்கொண்டே அதை மொழிபெயர்த்தான். சிறுமியின் அப்பா சிரிக்கவில்லை. டப்பாவை வாங்கி உற்றுப் பார்த்தார். அம்மா நோட்டைத் திறந்து பேனாவோடு நின்றார்.

“ஒரு அதிரசம் எத்தனை கிராம் இருக்கும்?”