ஆடிஷனுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

சாலிகிராமத்தில் ஆடிஷன் என்றதும் நடிப்பு கற்கக் கிளம்பும் இளைஞர்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. கூத்துப்பட்டறையில் விஜய் சேதுபதி கணக்கெழுதிக்கொண்டே நடிகர்களைக் கவனித்ததெல்லாம் அந்தக் காலம். இன்று முதலில் ஜிம். அடுத்து போட்டோ: தாடியோடு ஒன்று, தாடி இல்லாமல் ஒன்று. தண்டவாளத்தைப் பார்த்து யோசிப்பது கட்டாயம். என்ன யோசிக்க வேண்டும் என்பதை போட்டோகிராஃபரே சொல்லிவிடுவார். அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம்.

வசனத்துக்கு 1952-இல் வந்த 'பராசக்தி' நீதிமன்றக் காட்சி இருக்கவே இருக்கிறது. டீக்கடைக்காரர் வேடமா? கவலை வேண்டாம். டீ ஆற்றியபடியே அதே கர்ஜனை. பால் திரிந்தால் திரியட்டும், சிவாஜி மரபு முக்கியம்.

தெரிந்த தம்பி ஒருவர் இத்தனையும் முடித்து, மூச்சுப் பயிற்சிக்கும் தனியாகப் பணம் கட்டிவிட்டுத்தான் வரிசையில் நின்றார். உள்ளே கூப்பிட்டார்கள். பெயர்கூடக் கேட்கவில்லை. எழவு வீட்டுக் காட்சியாம். ஃப்ரீசர் பெட்டிக்குள் படுக்கச் சொன்னார்கள்.

படுத்தார். பயிற்சி வீண்போகவில்லை: அரை நிமிடத்தில் கண்ணாடி முழுக்க ஆவி.

"ஓவர் ஆக்டிங், தம்பி" என்றார் உதவி இயக்குநர். "அடுத்த ஆள்!"