அடி அண்ணாமலையும் ராஜகோபுரமும் ஒன்றே எனும் வாதம்: ஒரு வர்க்கமூல விசாரணை

திருவண்ணாமலையில் பதினோரு நிலை ராஜகோபுரம் மலைக்குக் கிழக்கேயும், அடி அண்ணாமலைக் கோயில் மலைக்கு மேற்கேயும் இருப்பதாக உலகம் நெடுநாளாக நம்பி வந்திருக்கிறது. ஆனால் பள்ளிக்கூட அல்ஜீப்ராவை ஐயமின்றிப் பின்பற்றுவோமாயின், இவ்விரண்டும் ஒரே இடமென்று ஒற்றை வரியில் நிரூபித்துவிடலாம். இப்படியொரு நிரூபணம் கைவசம் இருக்க, பௌர்ணமிதோறும் மக்கள் திரள் திரளாக 14 கிலோமீட்டர் கால் கடுக்க நடப்பானேன் என்பதே இவ்வாராய்ச்சியின் விஷயம்.

முதலில் பரிபாஷையை நிர்ணயம் செய்துகொள்வோம். மலையைப் பூஜ்யமாகவும், ராஜகோபுரத்தை 1 ஆகவும், அடி அண்ணாமலையை −1 ஆகவும் கொள்க. அடி அண்ணாமலை, வருண லிங்கத்தைத் தாண்டி, நேர்மேற்கிலிருந்து சற்றே வடக்கே ஒதுங்கியிருக்கிறதே என்று ஆட்சேபிப்போர் சாஸ்திரத்தின் பொருட்டு அதை மன்னித்தருள வேண்டும். −1 ஆல் பெருக்குவதாவது அரைச்சுற்று நடப்பது. இருமுறை பெருக்கினால் முழுச்சுற்றாகிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறோம். குறையைக் குறையால் பெருக்கினால் மிகையாகும் என்பதைப் பிற ஊர் மாணவர்கள் பிரம்புக்கு அஞ்சி ஒப்புக்கொள்கிறார்கள்; இவ்வூர்ப் பிள்ளைகளோ காலால் நடந்தே அறியலாம். எண்களைத் தளத்தின்மேல் இவ்வாறு சுழற்றிக் காணும் முறையை ஐரோப்பாவில் வெஸ்ஸல் 1797-லும் ஆர்கான் 1806-லும் எடுத்துரைத்தனர். அவர்கள் கிரிவலம் வந்ததாகச் சான்று கிடையாது.

இனி √−1 என்பது யாது? இருமுறை செய்தால் அரைச்சுற்றாவது எதுவோ அது, அதாவது கால்சுற்று. அதற்கோ இடங்கள் இரண்டு: வடக்கே குபேர லிங்கம், தெற்கே எம லிங்கம். கணித நூலார் கோணத்தை அப்பிரதட்சிணமாகவே அளக்கும் வழக்கமுடையவராதலின், +√−1 குபேரன் பக்கமும் −√−1 எமன் பக்கமும் விழுகின்றன. பிரம்மகுப்தர் 628-லேயே மிகை எண்ணைத் தனமென்றும் குறை எண்ணைக் கடனாகிய ருணமென்றும் வழங்கியிருக்க, தனத்துக்கு அதிபதி மிகைப் பக்கத்திலேயே வீற்றிருப்பதைத் தற்செயலென்று தள்ளிவிட இவ்வாராய்ச்சியாளருக்கு மனம் வரவில்லை.

இப்போது பூர்வபட்சம்: 1 = √1 = √((−1)×(−1)) = √−1 × √−1 = −1. ஆகவே ராஜகோபுரமே அடி அண்ணாமலை.

இவ்வாதத்துக்கு ஒரு தங்கையும் உண்டு. அவள் கிரிவலப் பாதையின் தேநீர்க் கடைகளில் உலவத் தக்கவள். 4 − 10 என்பதும் 9 − 15 என்பதும் ஒன்றே, இரண்டும் −6. இரு பக்கமும் ஆறேகாலைக் கூட்டினால் இரண்டும் கால் ஆகின்றன. இடப்பக்கத்துக் கால் (2 − 2½)² என்றும், வலப்பக்கத்துக் கால் (3 − 2½)² என்றும் எழுதப்படும். வர்க்கமூலம் எடுத்து, இரண்டரையை இருபுறமும் நீக்கினால் 2 = 3. மூன்று மசால் வடை தின்று இரண்டுக்குக் காசு நீட்டும் கணித மாணவனைக் கடைக்காரர் இதன் பொருட்டு விட்டுவிடுவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் பிழை எந்த வரியில் என்று அவர் கேட்டால் விடை சொல்ல வேண்டியது சாஸ்திரத்தின் கடமை.

பிரமாணங்களைப் புரட்டுவோம். ஒன்பதாம் நூற்றாண்டில் கணிதசாரசங்கிரகம் இயற்றிய மகாவீரர், ருணம் இயல்பாகவே வர்க்கம் அன்றாதலால் அதற்கு மூலமில்லை என்று கதவைச் சாத்திவிட்டார். அந்நூலை ரங்காசாரியார் 1912-ல் சென்னையில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாஸ்கரரோ, தனத்துக்குத் தனமும் ருணமுமாக மூலம் இரண்டு என்று தெளிவாக வகுத்துவிட்டு, ருணத்துக்கு மூலமில்லை என்ற இடத்தில் மகாவீரரோடு உடன்பட்டார். மகா மேதையான ஆய்லர் 1770-ல் வெளிவந்த தமது அல்ஜீப்ராவில் √−1 × √−4 = 2 என்று எழுதிவைக்க, அது பிழையென்போரும், இரு மூலங்களையும் மனத்தில் வைத்தே எழுதினார் என்போருமாக அறிஞர் இன்றும் இரு கட்சியாய் நிற்கின்றனர்.

சித்தாந்தம் வருமாறு. மூலங்களைத் தனித்தனியே பெருக்கலாம் என்ற விதி ருணமில்லாத எண்களுக்கே பிறந்தது; அதை −1 இடம் கொண்டுசென்றவன், குபேர லிங்கமா எம லிங்கமா என்று சொல்லாமலேயே கால்சுற்று நடந்தவனாகிறான். வடைக் கணக்கிலும் அதே குற்றம்: இடப்பக்கத்து மூலம் குறை அரை, வலப்பக்கத்து மூலம் மிகை அரை, குறியை விழுங்கிவிட்டு இரண்டையும் சமமென்றான்.

இதன் ஆழமான காரணம் மலையிலேயே இருக்கிறது. ஓர் எண் பூஜ்யத்தை ஒருமுறை வலம்வரும்போது அதன் வர்க்கமூலம் பாதிக் கோணமே திரும்புகிறது. ஆகையால் எண்ணானது ராஜகோபுரத்துக்குத் திரும்பிவந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கையில், மூலம் அப்போதுதான் அடி அண்ணாமலையில் நிற்கும். இக்குழப்பத்தைத் தவிர்க்கவே கணித நூலார், பூஜ்யத்திலிருந்து ருணப் பக்கம் நெடுக ஒரு வெட்டுக்கோடு கிழித்து, அதைக் கடக்கலாகாது என்று விதித்தனர். நம் பரிபாஷைப்படி அக்கோடு சரியாக அடி அண்ணாமலைக் கோயில் வாசலில் சாலையை மறிக்கிறது. ஊராருக்கு இது இன்னும் தெரியாது.

ஆகவே தீர்ப்பாவது: பக்தர்களுக்கு ஒரு வலம் போதும், வர்க்கமூலத்துக்கு இரண்டு வலம், அதாவது 28 கிலோமீட்டர், வேண்டும். ஆட்டோவில் போகும் கணித மாணவன் கட்டணத்தின் வர்க்கமூலத்தைத் தருகிறேன் என்று சொல்லலாம். ஆனால் ருண மூலம் என்று முடிவானால் ஓட்டுநர் அவனுக்குக் கொடுக்க வேண்டிவருமாதலால், எந்த மூலம் என்பதை வண்டியில் ஏறுமுன்பே பேசி முடித்துக்கொள்வது இரு தரப்புக்கும் க்ஷேமம்.