நடு சீட் நோன்பு

நான் முதன்முதலில் எகானமி கிளாஸில் போனது தேசூர் பஸ்ஸில். அப்போது அதற்கு அந்தப் பெயர் கிடையாது. சீயமங்கலத்திலிருந்து தேசூருக்கு நடந்து, அங்கே செஞ்சி பஸ்ஸைப் பிடித்தால், மூன்று பேர் சீட்டில் நாலு பேர் இருப்போம். மடியில் யார் வீட்டுப் பிள்ளையோ உட்கார்ந்திருக்கும். காலடியில் மல்லாட்டை மூட்டை. முழங்கால் முன்சீட்டுக் கம்பியில் இடித்துக்கொண்டே வரும். செஞ்சியில் ராஜகிரி மலை கண்ணில் படும்போது ஒரு கால் மரத்துப்போயிருக்கும். எந்தக் கால் என்பது எந்தப் பக்கம் உட்கார்ந்தோம் என்பதைப் பொறுத்தது.

அமெரிக்காவுக்குப் போக அதைவிட நல்ல பயிற்சி எந்த நாட்டிலும் கிடைக்காது.

1987இல் மேல்படிப்புக்குக் கிளம்பினேன். மெட்ராஸ், பம்பாய், லண்டன், நியூயார்க் என்று வழி. டிக்கெட் சின்னப் புத்தகம் மாதிரி இருந்தது. தாளுக்குப் பின்னால் சிவப்புக் கார்பன். தொட்டால் விரலில் ஒட்டும். ஆயா அதைத் துணியில் சுற்றி, பீரோவில் நிலப் பத்திரத்துக்கு மேலே வைத்துப் பூட்டினாள். வழியனுப்ப ஒரு மெட்டடார் வேன் நிறைய, பிள்ளைகளைச் சேர்க்காமல், இருபத்திரண்டு பேர் வந்தார்கள். மீனம்பாக்கத்தில் மாலை போட்டார்கள். அழுதார்கள். கட்டி வந்த புளிசாதத்தைச் சாப்பிட்டார்கள். நான் உள்ளே போன பிறகும் ஏதோ ஒரு விமானத்தைப் பார்த்துக் கையாட்டிவிட்டுத்தான் வேன் ஏறினார்களாம். அது என் விமானம் இல்லை.

போன வருஷம், 2025 ஜூன் மாதம், டல்லாஸில் இருக்கும் மகளுக்குப் பேறுகாலம் பார்க்க நானும் என் மனைவியும் கிளம்பினோம். டிக்கெட் போனில் இருந்தது. தாள் டிக்கெட் 2008லேயே உலகம் முழுக்க ஒழிந்துவிட்டது. விமான நிலையத்துக்குள் பயணியைத் தவிர யாருக்கும் இடமில்லை என்பதால் யாரும் வரவில்லை. இடம் இருந்திருந்தாலும் வந்திருக்க மாட்டார்கள். டாக்ஸி டிரைவர் மட்டும் பெட்டியை இறக்கி வைத்து, "அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க சார்" என்று வழியனுப்பினார்.

முன்பெல்லாம் அமெரிக்காவுக்குத் தலைக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 32 கிலோ. அன்றைக்கு என் சொத்து முழுவதையும் வைத்தும் ஒரு பெட்டி நிரம்பவில்லை. ஆயா பருப்புப்பொடியால் நிரப்பினாள். இப்போது பெட்டிக்கு 23 கிலோ. சொத்து மட்டும் பெருகிவிட்டது. கொக்கித் தராசில் பெட்டியைத் தொங்கவிட்டு, நள்ளிரவு வரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தோம். வசம்பு, மாசிக்காய், கடுக்காய், தேன் சேர்க்காமல் கிண்டிய பிரசவ லேகியம் எல்லாம் உள்ளே போயின. என் இரண்டு சட்டைகள் வெளியே வந்தன.

நாங்கள் நயினார் வீட்டுக்காரர்கள், அதாவது தமிழ்ச் சமணர்கள். தேன் கூடாது, கிழங்கு கூடாது, பொழுது சாய்ந்த பிறகு சாப்பாடு கூடாது. கடைசி விதிதான் விமானத்தில் வேடிக்கை காட்டும். 1987இல் லண்டனிலிருந்து பிற்பகலில் கிளம்பி மேற்கே பறந்தோம். ஜன்னலில் சூரியன் ஆணி அடித்தாற்போல் நின்றது. லண்டன் இருக்கும் அட்சரேகையில் பூமி மணிக்குச் சுமார் 1,040 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது. விமானம் 900 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைத் துரத்துகிறது. பொழுது எங்கிருந்து சாயும்? கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டேன். இரண்டு வருஷம் கழித்து ஊருக்கு வந்தபோது ஆயா கேட்ட முதல் கேள்வி, "பிளேன்ல பொழுது சாஞ்சப்புறம் வாயில ஏதாச்சும் போட்டியாடா?"

"பொழுதே சாயல ஆயா."

பொய் சொல்கிறேன் என்று நினைத்தாள். நான் அவளிடம் சொன்ன ஒருசில முழு உண்மைகளில் அதுவும் ஒன்று.

போன வருஷம் இதற்கு நேர்மாறு. வளைகுடாவில் விமானம் மாறி, காலை எட்டரைக்குக் கிளம்பினோம். பதினாறு மணி நேரம் பறந்து, அதே நாள் மாலை நாலரைக்கு டல்லாஸில் இறங்கினோம். ஜூன் மாதம், வடக்கே வளைந்து போகும் பாதை. வழி முழுக்க வெளியே வெயில். ஆனால் முதல் சாப்பாடு முடிந்ததும் பணிப்பெண்கள் ஜன்னல்களை மூடச் சொன்னார்கள், விளக்கை அணைத்தார்கள், முந்நூறு பேருக்கு ஒரே நேரத்தில் ராத்திரி ஆக்கினார்கள். அடுத்த சாப்பாடு வந்தபோது என் மனைவி தட்டைத் தொடவில்லை.

"வெளிய வெயில் அடிக்குது, சாப்பிடு" என்றேன்.

"உள்ள இருட்டா இருக்குதில்லங்க" என்றாள்.

எந்த ஆகமத்திலும் இதற்குத் தீர்ப்பு இல்லை.

அந்தச் சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1987இல் "வெஜிடேரியன்" என்று சொன்னாலே பணிப்பெண் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பாள். பிறகு வெந்த கேரட்டும் ஒரு ரொட்டியும் வரும். இப்போது ஜெயின் சாப்பாட்டுக்கென்று தனிக் குறியீடே இருக்கிறது: வி.ஜே.எம்.எல். முன்கூட்டியே சொல்லிவைத்தால் வெங்காயமும் கிழங்கும் இல்லாமல் வரும். புதிதாகப் போகும் சைவச் சாப்பாட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "இந்து மீல்" என்று கேட்டால் பெரும்பாலும் கோழியோ ஆடோதான் வரும். மாட்டிறைச்சி இருக்காது என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள். தனிச் சாப்பாட்டுக்காரர்களுக்கு முதல் மரியாதையும் உண்டு. எல்லோருக்கும் முன்னால் தட்டு வரும், எல்லோருக்கும் முன்னால் சாப்பிட்டு முடிக்கலாம். அப்புறம் மற்ற முந்நூறு பேரும் முடிக்கும்வரை காலித் தட்டை மடியருகே வைத்துக்கொண்டு, எழுந்திருக்கவும் முடியாமல் உட்கார்ந்திருக்கலாம்.

ருசியைப் பழித்துப் பயனில்லை. உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயரத்தில் இருப்பதுபோல வைத்திருப்பார்கள், கிட்டத்தட்ட ஊட்டி. ஈரப்பதம் மட்டும் ஊட்டி இல்லை, பாலைவனம். அந்த வறட்சியில் மூக்கும் நாக்கும் மங்கி உப்பும் இனிப்பும் உறைக்காது. 800 அடி ராஜகிரியில் ஏறினாலே உச்சியில் புளிசாதம் அமிர்தமாக இருக்கும். அதைப்போல ஒன்பது மடங்கு உயரத்தில் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டால் சாம்பார்கூட வெந்நீர்தான்.

இனி சீட். விமானங்களில் எகானமி என்ற வகுப்பு 1958இல் பிறந்தது. என் முதல் பயணத்தில் ஒரு சீட்டுக்கும் முன்சீட்டுக்கும் நடுவே முப்பத்து நாலு அங்குலம் என்பது சாதாரணம். இப்போது முப்பத்தொன்று கிடைத்தால் நல்ல விமானம் என்கிறார்கள். வரிசைக்கு ஒன்பது பேர் உட்கார்ந்த போயிங் 777இல் இன்று பல கம்பெனிகள் பத்துப் பேரை உட்கார வைக்கின்றன. ஆக, சீட் மூன்று அங்குலம் சுருங்கியிருக்கிறது. 1987இல் நான் 52 கிலோ, இப்போது 81. பழியைச் சமமாகப் பிரித்துக்கொள்வதுதான் நியாயம்.

அன்றைக்கு சீட் பெரிது என்று ஏங்குகிறவர்கள் புகையை மறந்துவிடுகிறார்கள். பின் வரிசைகளில் சிகரெட் பிடிக்கலாம். எனக்குக் கிடைத்தது புகைக்காதவர் பகுதியின் கடைசி வரிசை. பகுதியைப் பிரித்தது ஒரு சின்னப் பலகை. அதைப் படித்துவிட்டு நிற்கும் படிப்பறிவு புகைக்கு இல்லை. 2000இல்தான் அமெரிக்கா தன் நாட்டுக்கு வந்துபோகும் எல்லா விமானங்களிலும் புகையைத் தடை செய்தது. சினிமாவும் அப்படித்தான். முன்னால் ஒரே திரை. டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் மாதிரி ஒரு குழாயைக் காதில் மாட்டிக்கொள்ள வேண்டும், அதற்கும் காசு. இப்போது ஆளுக்கொரு திரை, நூற்றுக்கணக்கில் படம். நான் பதினாறு மணி நேரமும் பார்த்தது அந்தக் குட்டி விமானம் வரைபடத்தில் நகர்வதைத்தான்.

சீட் எண்ணை முன்கூட்டித் தேர்ந்தெடுக்கத் தனிக் கட்டணம் என்றது ஒரு செய்தி. நாற்பது வருஷத்தை நெருங்கும் தாம்பத்தியத்தைக் காசு கொடுத்தா பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று வீராப்பாக விட்டுவிட்டேன். அவளுக்கு 24ஆம் வரிசையில் ஓரச் சீட், எனக்கு 35ஆம் வரிசையில் நடு சீட். ஜன்னலோரத்துப் பையன் விமானம் கிளம்பும் முன்பே போர்வைக்குள் போனவன், டல்லாஸில்தான் வெளியே வந்தான். நடு சீட்டுக்காரனுக்கு இரண்டு கைப்பிடியும் சொந்தம் என்று ஒரு மரபு உண்டாம். அது என் இரு பக்கத்தவருக்கும் தெரியவில்லை. வலது பக்கத்தவர் நல்ல மனிதர், எந்த ஊர் என்று கேட்டார். 1987இல் யார் கேட்டாலும் மெட்ராஸ் என்பேன். இந்த முறை செஞ்சிக் கோட்டைப் பக்கம் என்றேன். அடுத்த மாதமே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறப்போகிற கோட்டை அது. அவர் விழித்தார். சென்னை என்றேன். "ஓ, மெட்ராஸ்!" என்றார்.

நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு, எழுந்து நட என்று மகள் மிரட்டியிருந்தாள். எங்கள் ஊர்க் குன்றில் பல்லவ மகேந்திரவர்மன் குடைந்த தூணாண்டார் கோயில் ஒரு பக்கம். பாகுபலியையும் பார்சுவநாதரையும் பாறையில் செதுக்கிய எங்கள் தலம் இன்னொரு பக்கம். பாகுபலி ஒரு வருஷம் நின்ற இடத்திலேயே நின்றவர். காலில் கொடி படர்ந்தது. செஞ்சியை ஒட்டிய திருநாதர்குன்றில் சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர் விட்டதை ஒரு பழைய கல்வெட்டு சொல்கிறது. இவர்களின் ஊர்க்காரன் நான். ஆறாவது மணி நேரத்தில் ஓரச் சீட்டுக்காரரை மூன்றாம் முறையாக எழுப்பி, "எக்ஸ்கியூஸ் மீ" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவர்கள் ஆசையைத் துறந்து அசையாமல் இருந்தார்கள். நான் லட்ச ரூபாய் கொடுத்து அசைய முடியாமல் இருந்தேன்.

வீல்சேர் கதையை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். என் மனைவி வெறுங்காலோடு குன்றில் ஏறி இறங்குகிறவள். மகள் அவளுக்கு வீல்சேர் என்று பதிவு செய்துவிட்டாள். நான் சிரித்தேன். விமானம் மாறும் இடத்தில் பார்த்தால், வீல்சேர் வரிசையில் நம் ஊர் அம்மாக்களும் அப்பாக்களும் முப்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். பெரும்பாலும் மகள், மருமகள் பேறுகாலத்துக்குப் போகிறவர்கள். கால் நன்றாக இருப்பவர்கள் பலர். எந்த வாசல், எந்த வரிசை, அதிகாரி கேட்டால் என்ன பதில் என்பதுதான் பயம். அது காலுக்குக் கேட்ட நாற்காலி இல்லை, நாக்குக்குக் கேட்டது. உண்மையில் கால் முடியாத ஒரு பாட்டி நாற்காலி வராமல் காத்திருந்ததையும் பார்த்தேன். என் மனைவிக்கும் அது உறுத்தியது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

அவளைத் தள்ளிக்கொண்டு போன பையன் எந்த வரிசையிலும் நிற்கவில்லை. நான் இரண்டு கைப்பைகளையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். டல்லாஸில் அவள் குடிநுழைவு முடித்து, பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு, மகளோடு கண்ணீரும் விட்டு முடித்த பிறகுதான் நான் வெளியே வந்தேன்.

பிறகு ஒரு வாரம் விடியற்காலை மூன்று மணிக்கு வீட்டில் மூன்று பேர் விழித்திருந்தோம்: நான், அவள், பிறந்த பேத்தி. மகளும் மருமகனும் நிம்மதியாகத் தூங்கினார்கள். ஜெட்லாக் என்று எல்லோரும் திட்டுவதற்கு இப்படி ஒரு பயனும் உண்டு.

வரும் மார்ச்சில் மறுபடி கிளம்புகிறோம். காசு கட்டி இரண்டு சீட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வாங்கியாயிற்று. ஓரச் சீட் எனக்கு. வீல்சேர் இரண்டு வேண்டுமா என்று மகள் கேட்டாள். வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அந்தப் பாட்டிக்கு விட்டுவிடலாம் என்றாள் என் மனைவி. அவள் போனை வைத்த பிறகு, ஒன்று மட்டும் போட்டுவை என்று மகளுக்குச் செய்தி அனுப்பினேன். என் பெயரில்.