பதினான்கு நாள், எட்டு ஊர்

கேள்வி: ஏப்ரலில் மனைவியோடு ஸ்பெயின் போகிறேன். பதினான்கு நாளில் எட்டு ஊர். முடியுமா?
– வாசகர், தேக்கா

பதில்: தாராளமாக. எட்டு ரயில் நிலையங்களைப் பார்த்துவிட்டு வரலாம்! நான்கு ஊர் போதும் ஐயா: பார்சலோனா, மாட்ரிட், செவில், கிரனடா. மாட்ரிட்டிலிருந்து செவிலுக்கு 1992 முதல் அதிவேக ரயில் ஓடுகிறது. இரண்டரை மணி நேரம்தான். ஆனால் செவிலில் வசந்தத் திருவிழா வாரமென்றால் ஓட்டல் வாடகை கண்ணைக் கட்டும். கிரனடாவின் அல்ஹம்ப்ராவில் நஸ்ரி அரண்மனைகளுக்கு டிக்கெட்டிலேயே நுழையும் நேரம் போட்டிருக்கும். பத்தரை என்றால் பத்தரைதான். நம் கல்யாணப் பத்திரிகை நேரமல்ல.

உங்களுக்குச் சிங்கப்பூர் பாஸ்போர்ட் என்றால் விசா வேண்டாம். வீட்டம்மா இந்தியப் பாஸ்போர்ட்டில் பிஆரா? அவருக்கு ஷெங்கன் விசா கட்டாயம். ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். அவர் வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் நீங்களே சொல்லிவிடுங்கள், உடம்புக்கு நல்லது.

சாப்பாடு? தேக்கா சென்டரில் நீங்கள் தட்டைத் திருப்பி வைக்கும் நேரத்தில் அங்கே பல உணவகங்களில் இரவு அடுப்பே பற்றியிருக்காது. ஒன்பது மணிக்குத்தான் கூட்டம். சைவமா? காய்கறி கேட்டாலும் மேலே பன்றித்தொடை தூவித் தருவார்கள். முஸ்தபாவில் ஊறுகாய் வாங்கிப் பெட்டியில் போடுங்கள், மூடியை இறுக்கி.