ஓடாத மோட்டார்: கும்மிடிப்பூண்டிச் செம்பு டாலர் குறித்து ஓர் ஆய்வு முன்னுரை

இவ்வாய்வின் எல்லைகள்: வடக்கே எளாவூர் சோதனைச்சாவடி, கிழக்கே பழவேற்காடு ஏரி, தெற்கே மீஞ்சூர், மேற்கே திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளம். இந்நிலப்பரப்பில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே, ஒரு மணியைச் செம்புக் கம்பியால் சுற்றி டாலராக்கிக் கழுத்தில் தொங்கவிட இயலுமா? இயலுமெனில் அது ஏன் பாதியில் முறிகிறது? முறியாவிட்டால் ஏன் பச்சை பிடிக்கிறது? இதனால் யாருக்கு என்ன லாபம்? கடைசிக் கேள்வி ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது. அதை வீட்டில் ஏற்கெனவே வேறொருவர் ஆராய்ந்து வருகிறார்.

நாம் முன்வைக்கும் கருதுகோள் இது: செம்பு டாலர் நகையே அன்று, அது ஓடாத மோட்டார். மோட்டாரில் இரும்பைச் சுற்றிச் செம்பு, டாலரில் மணியைச் சுற்றிச் செம்பு. அதில் மின்சாரம் பாயும், இதில் பாயாது. வேறு வேறுபாடு காண்பவர் எழுதித் தெரிவிக்கலாம்.

கருதுகோளுக்கு முதற்சான்று கம்பியே. சிப்காட் தொழிற்பேட்டையில் மோட்டார் புகைந்தால் அது ரீவைண்டிங் கடைக்குப் போகும். அங்கே கருகிய சுற்றை வெட்டி எடுத்துவிட்டுப் புது எனாமல் கம்பி சுற்றுவார்கள். சுருளின் கடைசியில் ஒரு முழம் மிஞ்சும். இன்னொரு காயிலுக்குப் பற்றாது, காயலான் கடையில் போடவோ மனம் வராது. டீ வாங்கிக் கொடுத்தால் கிடைக்கும் இந்த முழத் துண்டே நமது மூலப்பொருள். 20 கேஜ் உத்தமம். அதன் தடிமன் 0.9 மில்லிமீட்டர் சொச்சம்.

இவ்வட்டாரத்தில் செம்புக்குப் பழைய உறவு உண்டு. பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டை கட்டிய டச்சுக் கம்பெனிக்காரர்கள், ஜப்பானில் வாங்கிய செம்பைச் சோழமண்டலக் கரையில் கொண்டுவந்து விற்றார்கள். பழவேற்காட்டில் காசும் அடித்தார்கள். அக்காசு ஒன்றில் ஓட்டை போட்டு எவரேனும் கழுத்தில் மாட்டியிருந்தால் நம் துறையின் முன்னோடி அவரே.

இனி மணி. அமாவாசையன்று திருவள்ளூர்க் குளத்தில் வெல்லம் கரைக்க வரும் கூட்டத்தை நம்பி நரிக்குறவப் பெண்கள் துணி விரித்துப் பாசிமணி பரப்பியிருப்பார்கள். மணியைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் தலையணை தலையணையாக எழுதியிருக்கிறார்கள். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேடு, சிறு கண்ணாடி மணிகளைச் செய்து கடல் கடந்து அனுப்பிய ஊர். இவ்வகை மணிகளுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டவர் பீட்டர் ஃபிரான்சிஸ். உருகிய கண்ணாடியை ஒரு நீண்ட இரும்புக் குழலில் திரட்டி, அதிலிருந்து கையால் இழுத்துக்கொண்டே போனால் உள்ளே துளையுள்ள மெல்லிய குழாய் வரும். அதைத் துண்டு துண்டாக நறுக்கிச் சாம்பலோடு மறுபடி சூடாக்கினால் கூர்விளிம்பு மழுங்கி மணியாகும். இந்த முறை நம் எல்லைக்குச் சற்று வடமேற்கே, காளஹஸ்திப் பக்கத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம்வரை உயிரோடு இருந்துவந்திருக்கிறது. ஆக, துளை என்பது மணியில் பிறகு போடுவதல்ல. துளைதான் முதலில் இழுபடுகிறது, மணி பிறகு வெட்டுப்படுகிறது. இத்தனை பெருமை படைத்த துளைக்குள் நம் கம்பி நுழையாது என்பதுதான் இத்துறையின் முதல் அதிர்ச்சி.

இதில் அறிஞர்கள் இரு கட்சி. மணி முதல்வாதிகள் மணியை வாங்கிவிட்டுக் கம்பி தேடுவார்கள். கம்பி முதல்வாதிகள் சட்டைப்பையில் கம்பியோடு குளக்கரைக்குப் போய் ஒவ்வொரு மணியிலும் நுழைத்துப் பார்ப்பார்கள். விற்கும் அம்மா, “வாங்குறியா, குத்திக்கினே இருப்பியா சாமி?” என்று கேட்கும்வரை இரண்டாம் கட்சியின் கை ஓங்கியிருக்கும்.

நுழைந்துவிட்டதெனக் கொள்வோம். மணிக்கு மேலே கம்பியை நோஸ் பிளையரால் பிடித்து செங்கோணமாக மடக்கி, பிளையரின் மூக்கிலேயே ஒரு கண்ணி வளைத்து, மிச்ச வாலைக் கண்ணியின் கழுத்தில் மூன்று சுற்று நெருக்கிச் சுற்ற வேண்டும். கீழ்முனையைச் சுருளாக்கி மணியின் முகத்தில் படியவிட வேண்டும். சுருள் கோணினால் பிரித்து மறுபடி சுற்றத் தோன்றும். அங்கேதான் முறிவு. செம்பு வளைக்க வளைக்க இறுகும்; இறுகியதை மேலும் வளைத்தால் ஒடியும். மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டால் பழையபடி இளகிவிடும்.

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கும்மிடிப்பூண்டியில் சொல்லிப் பிழைக்க முடியாது. இது டிஎம்டி கம்பி உருட்டும் ஊர். செக்கச்சிவந்து வரும் கம்பியைத் தண்ணீர் பீய்ச்சிக் குளிர்வித்து வெளித்தோலைக் கடினமாக்குவதுதான் அங்கே அன்றாடத் தொழில். ரோலிங் மில் நண்பர் ஒருவரிடம் செம்புச் செய்தியைச் சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்தார்: “இன்னா சார், சூடா கீற கம்பிய தண்ணில போட்டா டைட்டாவும். நீங்க லூசாவும்ன்றீங்க. யாரு லூசு?” எஃகு வேறு, செம்பு வேறு, தணலிலேயே இளகிவிட்ட செம்பைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது, சும்மா ஆற்றும். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பதிவு செய்கிறோம்.

ஆனால் சூடாக்குவதில் ஒரு தத்துவச் சிக்கல் உள்ளது. செம்பில் களிம்பு எப்படியோ அப்படி உயிரில் ஆணவமலம் என்பது சைவ சித்தாந்தம். களிம்பு வெளியிலிருந்து ஒட்டியதல்ல, செம்போடே இருப்பது. ரசகுளிகை பட்டால்தான் நீங்கும். நம் ஊர் வேர்வையிலும் கடற்காற்றிலும் வெறுஞ்செம்பு டாலரை மாட்டியவர் கழுத்து இக்கொள்கைக்குப் பச்சைச் சான்று. புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கலாம், திரும்ப வரும். ரீவைண்டிங் கம்பியிலோ எனாமல் பூச்சு இருப்பதால் களிம்பு ஏறுவதில்லை. ஏறினாலும் பூச்சில்லாத இரண்டு வெட்டு முனைகளில்தான். அவற்றை மணிப்பக்கம் திருப்பி அமுக்கிவிட்டால் தோலில் படாது. ரசகுளிகை செய்ய வேண்டியதை எனாமல் செய்கிறது. தங்கமாக்குவது மட்டும் பாக்கி.

சிக்கல் இதுதான்: கம்பியை இளக்கத் தணலில் காட்டினால் எனாமல் எரிந்துபோகும். அந்தப் புகை மூக்குக்கு ஆகாது; அடுப்பங்கரையில் செய்தால் ஆய்வாளருக்கும் ஆகாது. எனாமலைக் காப்பாற்றினால் கம்பி இளகாது. ஆகவே எனாமல் கம்பிக்காரன் முதல் சுற்றிலேயே சரியாகச் சுற்றியாக வேண்டும். பிரித்துத் திருத்தும் உரிமை பச்சைக் கழுத்துக்காரனுக்கே உண்டு. இரண்டையும் ஒருங்கே பெற இத்துறை இதுவரை வழி காணவில்லை.

இனி கருதுகோளின் சோதனை. முதற்சுற்றிலேயே முடிந்த டாலர் ஒன்றைக் கறுப்புக் கயிற்றில் கோத்து, ஆய்வின் நோக்கம் எதையும் சொல்லாமல், நடுநிலையாளரான என் மாமியாரிடம் கொடுத்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மாப்ள, இது மிக்சில இருந்து கழண்டதா, ஃபேன்ல இருந்தா?”