ஒரு சொல்லுக்கு ஒன்பது பங்காளிகள்

பால்காரரும் காக்கையும்கூட இன்னும் வாய் திறவாத விடியற்காலை ஐந்து மணிக்கு, அடுத்த வீட்டுப் பையன் 'ஸேட் ஈஸ் ஈக்வல் டு ஸாரோஃபுல், ஸேட் ஈஸ் ஈக்வல் டு குளூமி' என்று உச்ச ஸ்தாயியில் ஆரம்பித்துவிடுகிறான். இன்றும் அப்படியே. துக்கத்துக்கு அவன் ஆறு பெயர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு ஏழாவதாக ஒன்று தோன்றிவிடுகிறது. அது அச்சேறத் தக்கதன்று. பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளின் தலைவாசலிலேயே ஒத்த சொல்லுக்கு மூன்று, எதிர்ச்சொல்லுக்கு மூன்று என்று மதிப்பெண் வைத்திருக்கிறார்களே, அந்த ஆறுக்காக ஒரு தெருவின் நித்திரை முழுவதும் பலியாகிறது.   அவன் உருப்போடும் கைடின் சமாசாரத்தைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

பையனைக் கூப்பிட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்தில் தெரியும் தாள். அதன்மேல் மஞ்சள் ஹைலைட்டர் பூசாத வரியே இல்லை. 'ஓல்டு' என்பதற்கு எதிரே சமக்குறி இட்டு ஏஜ்டு, எல்டர்லி, ஸீனியர், வெட்டரன், ஏன்ஷியன்ட், ஆன்டீக், வின்டேஜ், ஸ்டேல், ஆப்ஸலீட் என ஒன்பது பங்காளிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். "எல்லாம் ஒண்ணுதான் தாத்தா, எதை வேணும்னாலும் எழுதலாம்" என்று சொல்லிவிட்டு, பையன் என்னை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வைதான் என்னை உறுத்தியது.

ஒன்பதையும் என்மேல் பொருத்திப் பார்க்கலானேன். ஏஜ்டு என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. பிறந்த தேதி இருக்கிறது. எல்டர்லி என்பது, பேருந்தில் நமக்கு இடம் விடவேண்டியவர் ஜன்னலுக்கு வெளியே இயற்கைக் காட்சிகளை ரசிக்கத் தொடங்கும் வயது. ஸீனியர் என்ற பதவிக்கு ஒரு காலத்தில் ரயில் கட்டணத்தில் ஆண்களுக்கு 40 சதவீதம் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் சலுகை நின்று, கௌரவம் மட்டும் எங்கள் வசம் மிஞ்சியிருக்கிறது. வெட்டரன் ஆவதற்கு எங்கேயாவது யுத்தமோ கிரிக்கெட்டோ ஆடியிருக்க வேண்டும். ஏன்ஷியன்ட் என்று ஒப்புக்கொண்டாலோ, தொல்லியல் துறையார் பக்கத்தில் நீலப் பலகை நட்டு, என்மேல் ஒருவரும் பெயர் கீறலாகாது என்று எச்சரிக்க நேரும். ஆன்டீக் என்றால் காரைக்குடிப் பழம்பொருள் கடையில் மரப்பாச்சிக்கும் பித்தளைக் கூஜாவுக்கும் நடுவே உட்காரலாம்; விலையாவது ஏறும். வின்டேஜ் மோட்டார் வண்டியை வருஷத்துக்கு ஒரு நாள் துடைத்து, ஊர்வலம் விட்டு, பாதி வழியில் தள்ளுவார்கள். எங்கள் குடும்பத்தில் எனக்கு அந்த ஒரு நாள்கூடக் கிடையாது. ஸ்டேல் என்பது நேற்றைய சாம்பாருக்கு உரியது. ஆப்ஸலீட் என்பதற்கு உதாரணமாகப் பரண்மேல் என்னுடைய டைப்ரைட்டர் கிடக்கிறது. அதற்குத் துணையாக நானும் ஏற வேண்டுமென்பதுதான் கைடு எழுதியவரின் அபிப்பிராயம் போலும்.

இத்தனைக்கும் எதிர்ப்பக்கத்தில் யங், நியூ, ஃபிரெஷ், மாடர்ன் என்று நான்கு சொற்கள். ஓல்டான மனிதனுக்கு எதிர்ப்பதம் இளைஞனா, புதியவனா என்ற தர்க்கத்தை நான் உரக்கவே நடத்திக்கொண்டிருந்தபோது, சமையலறையிலிருந்து என் மனையாள் குறுக்கிட்டு, "யங் எல்லாம் வேண்டாம், குளிச்சுட்டு ஃபிரெஷ்ஷா வந்தாப் போதும், காபி ஆறுது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

எதிர்ச்சொல் விவகாரம் இதைவிட அபாயகரமானது. சொல்லுக்கு முன்னால் 'இன்' சேர்த்தால் பொருள் தலைகீழாகும் என்று விதி எழுதியிருக்கிறது. பெட்ரோல் லாரியின் முதுகில் 'ஹைலி இன்ஃபிளேமபிள்' என்று எழுதியிருப்பதை இந்த விதிப்படி வாசிக்கும் மாணவன், அதன் பக்கத்தில் நின்று தைரியமாகத் தீக்குச்சி கிழிக்கலாம். கைடு எழுதியவர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

இந்த ஒத்த சொல் வியாபாரத்துக்கெல்லாம் மூலபுருஷராகக் கருதப்படும் ரோஜே என்ற ஆங்கில வைத்தியர், 1805-ல் தம் சொந்த உபயோகத்துக்காகத் தொகுக்கத் தொடங்கிய சொற்பட்டியலை, 1852-ல், எழுபத்து மூன்றாவது வயதில்தான், 1000 தலைப்புகளாக வகுத்து, எதிரெதிர்க் கருத்துக்களைப் பக்கம் பக்கமாக நிறுத்தி வெளியிட்டார். கருத்து மனத்தில் இருக்க, அதற்குரிய சொல் அகப்படாமல் தவிக்கிறவனுக்காகச் செய்த புத்தகம் அது. அதில் ஓரிடத்தும் அவர் சமக்குறி போடவில்லை. நம்மவர்கள் அவருக்கு வெகுகாலம் முன்பே திவாகரமும் பிங்கலமும் இயற்றி, சூடாமணி நிகண்டை விருத்தத்திலேயே பாடிவைத்து, திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகளை நெட்டுருப் போடச் செய்தார்கள்; அப்போதும் பிள்ளைகள் கத்தியிருப்பார்கள், ஆனால் அதில் ஒரு சந்தம் இருந்திருக்கும். ஸாரோஃபுல்லுக்கும் குளூமிக்கும் எதுகையும் இல்லை, மோனையும் இல்லை, வெறும் தொண்டைதான்.

அமெரிக்காவில் 1994-லேயே எஸ்.ஏ.டி. பரீட்சையிலிருந்தும், 2011-ல் ஜி.ஆர்.ஈ. பரீட்சையிலிருந்தும் எதிர்ச்சொல் வினாக்களை அகற்றிவிட்டார்கள். இந்த நற்செய்தியைப் பையனின் தகப்பனாரிடம் கொஞ்சம் ஆவலோடுதான் தெரிவித்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "இங்கே பிளஸ் டூவிலயும் இருக்கு சார், இப்பவே பழகிட்டா அப்புறம் கவலையில்லை" என்றார். தங்கைக்காரியும் அடுத்த வருஷம் பத்தாம் வகுப்புக்கு வருகிறாளாம். அவளுக்கு அண்ணனைவிடக் குரல் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். வீட்டுத் தரகரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்: வாடகை சற்றே கூடினாலும் பாதகமில்லை, பிள்ளைகளெல்லாம் பிளஸ் டூ தாண்டிய தெருவாகப் பார்க்கும்படி.